மோதிரம் மங்கிப் போச்சு: திருகோணமலைக் காற்றில் வெள்ளியில் பதித்த மொய்சனைட்டை எப்படிக் கழுவுவது?

உப்புவெளிக்காரி

எல்லாருக்கும் வணக்கம். எனக்குப் போன வைகாசியில் கல்யாணம் நடந்தது. கட்டாரில் வேலை செய்கிற என் அவர் வரும்போது எனக்கென்று ஒரு வெள்ளி மோதிரம் கொண்டு வந்தார். நடுவில் வைரம் மாதிரி மின்னுகிற ஒரு மொய்சனைட் கல், இரண்டு பக்கமும் வரிசையாகப் பொடிக் கற்கள். வந்த புதிதில் குசினி ஜன்னல் பக்கம் கையைத் திருப்பினால் சுவரில் பொட்டுப் பொட்டாக நிறம் தெறிக்கும். மாமி கூட வேலையை விட்டுவிட்டுப் பார்ப்பா.

எட்டு மாதம்தான் ஆகிறது. இப்போது கல்லின் மேல், வள்ளத்துக்குப் பக்கத்தில் மண்ணெண்ணெய் சிந்திய தண்ணீர் மாதிரி, ஊதாவும் பச்சையுமாக ஒரு படலம் தெரிகிறது. சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும், ஆனால் பழைய துள்ளல் இல்லை. மோதிரத்தின் அடிப்பக்கம், உள்ளங்கைப் பக்கம், கறுத்துப் போய்விட்டது. நான் கழற்றுவதே இல்லை. சமையல், குளியல், தலைக்கு எண்ணெய் வைப்பது எல்லாம் மோதிரத்தோடுதான்.

மாமி பற்பசை போட்டுத் தேய்க்கச் சொல்கிறா. பக்கத்து வீட்டு அக்கா பழப்புளி என்கிறா. டவுனில் ஒரு கடையில் காட்டினேன். ஒரு கிழமைக்கு விட்டுவிட்டுப் போங்கள், முழுக்க முலாம் போட வேண்டும் என்றார்கள். விட்டுவிட்டு வர மனம் வரவில்லை. வீட்டிலேயே செய்ய முடியுமா? கல் போலி என்பதால்தான் இப்படி ஆகிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், எனக்கு இது பெரிய பொருள்.

பட்டறைக்காரன்

தங்கச்சி, முதல் வேலையாகப் பற்பசையை அந்தப் பக்கம் வையுங்கள். புளியும் வேண்டாம். உங்கள் கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை, பயப்படாதீர்கள்.

மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். வளையத்தின் உள்பக்கம் 925 என்று முத்திரை இருக்கிறதா? கல்லைச் சுற்றியுள்ள இடம் கண்ணாடி மாதிரி வெள்ளையாகவும், அடிப்பக்கம் மட்டும் கொஞ்சம் மஞ்சள் கலந்த வெள்ளையாகவும் தெரிகிறதா? மோதிரத்தைக் காதுக்குப் பக்கத்தில் வைத்து விரலால் மெதுவாகத் தட்டினால் கிலுகிலு என்று சத்தம் வருகிறதா?

உப்புவெளிக்காரி

அண்ணா, முத்திரை இருக்கிறது. நீங்கள் சொன்ன மாதிரியே மேல்பக்கம் கண்ணாடி, அடிப்பக்கம் வேறு நிறம், அங்கேதான் கறுப்பும். சத்தம் ஒன்றும் வரவில்லை. இரண்டு தரம் தட்டிப் பார்த்தேன், மாமியும் கேட்டுப் பார்த்தா.

பட்டறைக்காரன்

நல்லது, கல் ஆடவில்லை. அப்படியென்றால் வீட்டிலேயே செய்யலாம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

925 என்றால் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, மிச்சம் பெரும்பாலும் செம்பு. சுத்த வெள்ளி மிகவும் மெத்து, அதில் கல்லைப் பிடிக்க முடியாது, அதனால் கலக்கிறோம். அதற்கு மேல் ரோடியம் என்ற உலோகத்தில் மெல்லிய முலாம் போடுவார்கள். ரோடியம் கறுக்காது. உங்கள் விரல் அடிப்பக்கம் எந்நேரமும் கரண்டியிலும் வாளிப் பிடியிலும் உரசுகிற இடம். அங்கே முலாம் தேய்ந்து, உள்ளே இருக்கிற வெள்ளி வெளியே வந்து கறுத்திருக்கிறது. மேல்பக்கத்தில் முலாம் இன்னும் நன்றாக இருக்கிறது. அதைப் பற்பசையால் தேய்த்தால் நீங்களே உரித்து எடுத்த மாதிரி ஆகும்.

கீறலைத் தாங்கும் கடினத்தை 10 வரை அளக்கிற மோஸ் அளவில் உங்கள் கல் 9.25, வைரம் 10, நம் நாட்டு நீலக்கல் 9. வெள்ளி 3க்குக் கிட்டத்தான் நிற்கும். பற்பசையில் இருக்கிற பொடி கல்லை ஒன்றும் செய்யாது, வெள்ளியைத்தான் கோடு போடும். கல்லைத் துலக்கப் போய் வெள்ளியைக் கெடுத்துக்கொண்டு வருகிறவர்களை நான் பட்டறையில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இப்போது கழுவுகிற விதம். ஒரு கிண்ணத்தில் கை பொறுக்கிற சூட்டில் தண்ணீர், பாத்திரம் கழுவுகிற திரவம் இரண்டு துளி. பேசினுக்கு மேலே வைத்துக் கழுவாதீர்கள். கிண்ணத்தின் அடியில் ஒரு வெள்ளைத் துணி விரியுங்கள், பொடிக் கல் ஒன்று விழுந்தாலும் கண்ணில் படும். மோதிரத்தை இருபது நிமிடம் ஊற விடுங்கள். பிறகு சின்னப் பிள்ளைகளுக்கு வாங்குகிற மெத்தென்ற பல் பிரஷ்ஷால் தேயுங்கள். எல்லாரும் தவறவிடுகிற இடம் இதுதான்: மேலே தேய்த்துவிட்டு முடித்துவிடுவார்கள். மோதிரத்தைக் கவிழ்த்துப் பிடித்து, கல்லின் அடிப்பக்கம் தெரிகிற அந்த ஓட்டைக்குள் பிரஷ்ஷின் நுனியை விட்டுத் தேயுங்கள்.

ஏன் என்றால், மேலே நுழைகிற வெளிச்சம் அடிப்பக்கத்துப் பட்டைகளில் பட்டுத் திரும்பி உங்கள் கண்ணுக்கு வருகிறது. அங்கே தேங்காய் எண்ணெய் படிந்திருந்தால் வெளிச்சத்தில் ஒரு பங்கு திரும்பி வராமல் கீழே கசிந்து போய்விடும். மேல்முகம் எவ்வளவு துடைத்தாலும் கல் உயிரில்லாமல் இருப்பதற்குக் காரணம் அதுதான்.

அலசி, பழைய பருத்திச் சேலைத் துண்டால் ஒற்றி எடுங்கள். ரிஷ்யூவால் தேய்க்க வேண்டாம், நகத்தில் சிக்கும். நகம் என்று நான் சொல்வது கல்லைப் பிடித்திருக்கும் அந்தக் குட்டி வெள்ளிக் கொக்கிகளை. இதைச் செய்துவிட்டு அந்த வானவில் படலம் போய்விட்டதா என்று சொல்லுங்கள்.

கிண்ணியாக் கரை

அஸ்ஸலாமு அலைக்கும். நல்ல நேரத்தில் இதைக் கண்டேன். ஆம்பிளைகளான எங்களுக்குத் தங்கம் ஆகாது, அதனால் மோதிரம் என்றால் வெள்ளிதான். என் மோதிரத்திலும் ஒரு மொய்சனைட். ஒரு நாளைக்கு ஐந்து தரம் தொழுகைக்கு முன்னால் கை, முகம், கால் கழுவி வுழூ எடுக்கிறோம், ஒவ்வொரு தரமும் மோதிரம் நனைகிறது. எங்கள் பக்கம் கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் சவர். எனக்கும் அதே வானவில் நிறம் வந்தது. சவர்க்காரம் போட்டுக் கழுவினேன், பாதிதான் போனது. பட்டறை நானா, அது எண்ணெய் இல்லையோ?

பட்டறைக்காரன்

வ அலைக்குமுஸ்ஸலாம். உங்களுடையது தண்ணீரில் இருக்கிற உப்புப் படிவாக இருக்கும் தம்பி. கேத்தலின் உள்பக்கம் வெள்ளையாகப் பொருக்குக் கட்டுகிறதே, அதே சாமான், கல்லின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிசாக. தண்ணீர்த் துளி அப்படியே காயும்போது தண்ணீர் மட்டும் போகும், அதில் கரைந்திருந்தது கல்லிலேயே இருந்துவிடும். ஒவ்வொரு தரமும் ஒரு பூச்சு.

சவர்க்காரம் எண்ணெயை எடுக்கும், இதை எடுக்காது. கொஞ்சம் அப்பச்சோடாவைத் தண்ணீர்விட்டுக் கூழாகக் குழைத்து, காது குடைகிற பஞ்சுக் குச்சியின் நுனியில் எடுத்து, கல்லின் முகத்தில் மட்டும் வட்டமாகத் தேயுங்கள். வெள்ளியில் படாமல் பாருங்கள். ஒரு நிமிடம் போதும். பிறகு நன்றாக அலசுங்கள். கடைசி அலசலுக்குக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அது, இல்லாவிட்டால் போத்தல் தண்ணீர். வுழூ முடிந்ததும் மோதிரத்தையும் துவாயால் ஒற்றிவிடுங்கள். அந்த ஒரு பழக்கமே பாதி வேலையைச் செய்துவிடும்.

வெண்கட்டி

நான் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறவள். கறுப்பைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

பலர் நினைப்பது போல அது துரு இல்லை, உப்புக் காற்று நேரே வெள்ளியைத் தின்பதும் இல்லை. காற்றில் கொஞ்சமாக இருக்கும் ஐதரசன் சல்பைட்டு வாயு வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்பைட்டு ஆகிறது. அந்தக் கறுப்பு அதுதான். அழுகின முட்டை மணத்துக்குக் காரணமான அதே வாயு. வற்றின நேரம் களப்புச் சேற்றில் ஒரு மணம் வருமே, அதிலும் அது இருக்கிறது. முட்டை, வெங்காயம், உள்ளி எல்லாவற்றிலும் கந்தகம் உண்டு. உப்புக்கு ஈரத்தை இழுத்து வைத்திருக்கும் குணம் இருப்பதால், கடலோரத்தில் வெள்ளியின் மேல் எப்போதும் ஒரு மெல்லிய ஈரம் நிற்கும். அந்த ஈரத்தில் இந்த மாற்றம் வேகமாக நடக்கும். ஒரே மாதிரி இரண்டு வெள்ளி நகையை ஒன்று மலைநாட்டு ஹற்றனிலும் ஒன்று இங்கே கடலோர டச்சுக் குடாவிலும் வைத்தால் ஒரே வேகத்தில் கறுக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

இப்போது முக்கியமான விஷயம். தேய்த்துக் கறுப்பை எடுக்கும்போது வெள்ளியையும் சேர்த்துத்தான் எடுக்கிறோம், ஏனென்றால் அந்தக் கறுப்புக்குள்ளே இருப்பதும் உங்கள் வெள்ளிதான். தேய்க்காமல் அந்த வெள்ளியைத் திரும்ப மோதிரத்துக்கே கொடுக்க ஒரு வழி இருக்கிறது. ஒரு கண்ணாடிக் கிண்ணத்தின் அடியில் சாப்பாடு சுற்றுகிற அலுமினியத் தாளை, மினுக்கப் பக்கம் மேலே இருக்க விரியுங்கள். மோதிரத்தை அதன் மேல், கறுத்த பக்கம் தாளில் முட்டுகிற மாதிரி வையுங்கள். முட்ட வேண்டும், அது கட்டாயம். ஒரு மேசைக் கரண்டி அப்பச்சோடாவைப் போட்டு, கொதித்து இறக்கின தண்ணீர் ஒரு கோப்பை ஊற்றுங்கள். நுரை வரும், கொஞ்சம் முட்டை நாற்றமும் வரும். அதுதான் கந்தகம் வெள்ளியை விட்டுப் போகிறதற்கு அடையாளம். ஜன்னலைத் திறந்து வையுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் எடுக்கலாம்.

வெள்ளியைவிட அலுமினியத்துக்குக் கந்தகத்தின் மேல் ஆசை கூட. அது கந்தகத்தை இழுத்துக்கொள்ளும், வெள்ளி உலோகமாகத் திரும்பிவிடும். வகுப்பில் இதைச் செய்து காட்டும்போது பிள்ளைகள் கிண்ணத்தைச் சுற்றி முண்டியடிப்பார்கள். கறுத்த கரண்டி கண் முன்னாலேயே வெளுக்கும்.

பட்டறைக்காரன்

ரீச்சர் சொன்னது அருமையான முறை. மொய்சனைட்டுக்கு அந்தச் சூடு ஒரு சூடே இல்லை. ஆனால் இரண்டு எச்சரிக்கை போட்டே ஆக வேண்டும். முத்து, பவளம், ஒட்டி வைத்த கற்கள் இருந்தால் இந்தப் பக்கம் வராதீர்கள். வேண்டுமென்றே குழிகளைக் கறுக்க வைத்துச் செய்த வேலைப்பாட்டு வெள்ளி நகை இருக்கிறதே, அதைப் போட்டால் அழகான கறுப்பும் போய்விடும். பிறகு அழுது பயனில்லை.

கொட்டியாரக் குடா

நான் மூதூர். எங்கள் வீட்டில் அம்மம்மா காலம் தொட்டு வெள்ளிக் குங்குமச் சிமிழ், வெள்ளித் தட்டு எல்லாம் திருநீறு போட்டுத்தான் துடைக்கிறோம். எழுபது வருசப் பொருள் இன்றைக்கும் பளிச்சென்று இருக்கிறது. இப்போது நீங்கள் எல்லாரும் எதையும் தேய்க்காதே என்கிறீர்கள். அந்தக் காலத்து ஆட்களுக்கு ஒன்றும் தெரியாது என்றா சொல்கிறீர்கள்? எனக்கு மனதுக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது.

வெண்கட்டி

இல்லை அம்மா, அப்படி யாரும் சொல்லவில்லை. அம்மம்மா செய்தது சரியான வேலை. திருநீறு மிக நுண்ணிய சாம்பல், தடித்த வெள்ளித் தட்டுக்கு அது ஏற்றது. தட்டில் முலாம் இல்லை, நகம் இல்லை, பொடிக் கல் இல்லை. ஒவ்வொரு தரமும் கொஞ்சம் வெள்ளி தேய்ந்தாலும் அந்தத் தடிப்புக்கு நூறு வருசம் தாங்கும். இந்த மோதிரத்தில் முலாம் தலைமயிரின் தடிப்பு கூட இல்லை. அதோடு திருநீறு பொடிக் கற்களின் இடுக்கில் போய் எண்ணெயோடு சேர்ந்து களியாக இறுகிவிடும். தட்டுக்கு நீங்கள் திருநீறே போடுங்கள்.

கொட்டியாரக் குடா

சரி மகள், இப்ப விளங்குது. எங்கள் மருமகளின் தோடு இப்படிக் கல் வைத்த வெள்ளித் தோடு. அதற்குத் திருநீறு போட்டிருக்கிறேன். அது முந்தி மாதிரி இல்லையே என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பிரஷ்ஷால் அடிப்பக்கத்தைத் தேய்க்கச் சொல்கிறேன்.

நிலாவெளி அலை

நான் கடற்கரை ஹோட்டல் ஒன்றில் அறை சுத்தம் செய்கிற வேலையில் இருக்கிறேன். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், இன்னொருவருக்கு நடக்கக் கூடாது.

நாங்கள் ப்ளீச் போட்டுக் குளியலறை கழுவுவோம். கையுறைக்குள்ளே மோதிரம் இருக்கிறது, ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். கையுறை ஓட்டை. ஒரு மாதத்தில் வெள்ளி சாம்பல் நிறமாகி, அங்கங்கே குழி விழுந்த மாதிரி ஆனது. அதற்குப் பிறகும் போட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு கடலில் குளித்துவிட்டு வந்து துவாயில் கையைத் துடைக்கும்போது நூல் ஒன்று இழுபட்டது. மோதிரத்தைப் பார்த்தால் நடுக் கல் இருந்த இடம் வெறும் கூடு. நான்கு நகத்தில் ஒன்று நிமிர்ந்து நின்றது. மணலை எவ்வளவு அரிப்பது? இருட்டும் வரைக்கும் பிள்ளைகளும் நானும் அரித்தோம். அது என் அக்கா தந்த மோதிரம்.

நீச்சல் தடாகத்துத் தண்ணீரில் இருக்கிற குளோரினும் அதே மாதிரித்தான் என்று பிறகு ஒரு பத்தர் சொன்னார். அவர் சொன்ன இன்னொன்று: கொஞ்சம் பஞ்சை எடுத்து நகங்களின் மேல் மெதுவாக இழுத்துப் பார்க்க வேண்டும். பஞ்சு சிக்கினால் அந்த நகம் எழும்பியிருக்கிறது, உடனே கொண்டு வா என்றார். எனக்கு அது முதலே தெரிந்திருந்தால் கல் இருந்திருக்கும்.

பட்டறைக்காரன்

தங்கச்சி, வாசிக்கவே கஷ்டமாக இருக்கிறது. பத்தர் சொன்னது முழுக்கச் சரி. நகத்தை அழுத்திக் கொடுப்பது எங்களுக்கு ஐந்து நிமிட வேலை. கல் விழுந்த பிறகு அதே அளவில் தேடுவது பெரிய வேலை.

வெள்ளி நகத்தைப் பற்றி எல்லாருக்கும் ஒன்று சொல்கிறேன். தங்கத்தில் பதித்த கல்லைப் போல வெள்ளியில் பதித்ததை நினைக்காதீர்கள். வெள்ளி மெத்து, நகம் சீக்கிரம் தேயும், சீக்கிரம் நிமிரும். வருசத்தில் இரண்டு தரமாவது யாராவது ஒரு பத்தரிடம் காட்டுங்கள். கடைகளில் அதிர்வில் சுத்தம் செய்கிற மெஷின் இருக்கும். மொய்சனைட் அதைத் தாங்கும், ஆனால் ஆடுகிற நகத்தோடு அதில் போட்டால் பொடிக் கற்கள் கொட்டிவிடும். முதலில் நகத்தைப் பாருங்கள், பிறகு போடுங்கள் என்று வாய் திறந்து கேளுங்கள்.

கடலுக்குப் போகிற நாள் மோதிரம் வீட்டில் இருக்கட்டும். குளிர்ந்த தண்ணீரில் விரல் சுருங்கும், முழு மோதிரமே வழுகிப் போன கதைகளும் உண்டு. கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போனாலும் கழற்றி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். ஏழு கிணற்றிலும் மாறி மாறி வாளியால் அள்ளி ஊற்றும்போது வாளிக் கம்பி எத்தனை தரம் மோதிரத்தில் அடிக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

தொலைதூரத் திருமலையான்

நான் பிறந்தது உவர்மலை, இப்போது இருப்பது ரொறன்ரோவில். உப்புவெளித் தங்கச்சி, உங்கள் முதல் பதிவில் கல் போலியா என்று கேட்டிருந்தீர்கள், யாரும் பதில் சொல்லவில்லை. எனக்கு அதில் ஒரு கசப்பான அனுபவம் உண்டு. இங்கே ஒரு கடையில் வைரத் தோடு என்று சொல்லி மனைவிக்கு வாங்கினேன். பேனை மாதிரி ஒரு கருவியைக் கல்லில் வைத்தார்கள், வைரம் என்று விளக்கு எரிந்தது. பிறகு வேறு இடத்தில் காட்டினால் மொய்சனைட் என்கிறார்கள். காசை விட, மனைவியின் முகத்தைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருந்தது.

வெண்கட்டி

அண்ணா, அந்தக் கருவி பார்ப்பது கல் எவ்வளவு வேகமாகச் சூட்டைக் கடத்துகிறது என்பதை மட்டும். மொய்சனைட்டும் சூட்டை மிக நன்றாகக் கடத்தும், அதனால் அதையும் வைரம் என்றே காட்டும். மின்சாரத்தைக் கடத்துகிறதா என்றும் சேர்த்துப் பார்க்கிற கருவி இருக்க வேண்டும். பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியில் சரித்துப் பார்த்தால் அடிப்பக்கத்துப் பட்டைகளின் கோடுகள் இரட்டை இரட்டையாகத் தெரியும். வைரத்தில் ஒற்றையாகத்தான் தெரியும். உங்களுக்கு விற்றவர் பெயரை மாற்றிச் சொன்னது பிழை. கல்லில் பிழை இல்லை.

மொய்சனைட் என்பது சிலிக்கன் காபைட்டு, தனக்கென்று சொந்தக் குணம் உள்ள ஒரு பொருள். ஒன்ரி மொய்சான் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி 1893இல் அமெரிக்காவின் அரிசோனாவில் விண்கல் விழுந்த இடத்துக் கற்களை ஆராயும்போது கண்டுபிடித்தது. முதலில் அவரே அதை வைரம் என்றுதான் நினைத்தார், 1904இல்தான் என்னவென்று நிச்சயமானது. 1906இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது, அது புளோரினைப் பிரித்தெடுத்ததற்கும் மின் உலைக்கும். இயற்கையில் இது மிக மிக அரிது. நகையில் வருவது எல்லாம் ஆய்வுகூடத்தில் வளர்த்தது. வெளிச்சத்தை வளைக்கும் எண் வைரத்துக்கு 2.42, இதற்கு 2.65. வெள்ளை வெளிச்சத்தை நிறங்களாகப் பிரிப்பதில் வைரத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேல். தங்கச்சி வீட்டுச் சுவரில் தெறித்த நிறப் பொட்டுகள் அதனால்தான். படலம் அவ்வளவு துலக்கமாகத் தெரிவதற்கும் ஒரு காரணம் அதுவே. மேல்முகம் வெளிச்சத்தை நிறையத் திருப்பி அனுப்புவதால், மெல்லிய பூச்சு இருந்தாலும் நிறமாகக் காட்டிவிடும்.

தொலைதூரத் திருமலையான்

நன்றி ரீச்சர். இதை மனைவிக்கு அப்படியே வாசித்துக் காட்டினேன். தோட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டிருக்கிறா.

உப்புவெளிக்காரி

செய்துவிட்டேன்! நேற்றுப் பின்னேரம் அவரும் பக்கத்தில் இருந்தார்.

முதலில் பட்டறை அண்ணா சொன்ன மாதிரி கிண்ணம், வெள்ளைத் துணி, இளஞ்சூட்டுத் தண்ணீர். இருபது நிமிடம் கழித்து மோதிரத்தைக் கவிழ்த்து அடிப்பக்கத்தில் பிரஷ்ஷை விட்டேன். உள்ளேயிருந்து சாம்பல் நிறத்தில், வெண்ணெய் மாதிரி ஒரு களி வந்தது. அதில் ஒரு மஞ்சள் துணுக்கு, மஞ்சள்தூளோ சந்தனமோ தெரியவில்லை. பொடிக் கற்களின் இடுக்கில் ரொட்டி மா காய்ந்து கல்லாகியிருந்தது, அதை இரண்டாம் தரம் ஊற வைத்துத்தான் எடுத்தேன். இதையெல்லாம் எட்டு மாதம் கையில் கொண்டு திரிந்திருக்கிறேன். தண்ணீர் பால் கலங்கின மாதிரி ஆகிவிட்டது.

படலம் முக்கால்வாசி போய்விட்டது. மிச்சத்துக்கு அப்பச்சோடாவும் பஞ்சுக் குச்சியும். கல்லின் முகத்தைத் தேய்க்கும்போது முதலில் வழுக்கிக்கொண்டு போன பஞ்சு, கொஞ்ச நேரத்தில் கீச் கீச் என்று பிடிக்கத் தொடங்கியது. நன்றாகக் கழுவின கண்ணாடிக் கிளாசில் விரலை ஓட்டினால் வருகிற அதே சத்தம்.

அப்புறம் ரீச்சரின் அலுமினியத் தாள். மாமி நம்பவே இல்லை, கதிரையை இழுத்துப் போட்டு இருந்தா. தண்ணீரை ஊற்றியதும் நுரைத்தது, ரீச்சர் சொன்ன மணமும் வந்தது. ஒரு நிமிடத்தில் கறுப்பு பழுப்பாகி, பழுப்பு மஞ்சளாகி, வெளுத்துவிட்டது. எடுத்துப் பார்த்தால் மோதிரம் முட்டியிருந்த இடத்தில் தாளில் மங்கலாக ஒரு கறுப்பு வளையம். மாமி அந்தத் தாளை எறிய விடவில்லை, பின் வீட்டு அக்காவுக்குக் காட்ட வேண்டுமாம்.

இன்று காலை குசினிச் சுவரில் நிறம் தெறித்தது. எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

இனி மூன்று கேள்வி. முலாம் தேய்ந்த இடம் திரும்பக் கறுக்கும்தானே, அப்போது என்ன செய்வது? கழற்றினால் எதில் வைப்பது? மாமியிடம் பழைய கல் அட்டிகை ஒன்று இருக்கிறது, அதையும் இந்தத் தண்ணீரில் போடச் சொல்கிறா, போடலாமா?

பட்டறைக்காரன்

அட்டிகையைப் போடாதீர்கள்! இந்தப் பதிவை வாசிக்கிற நேரம் அது கிண்ணத்துக்குப் பக்கத்தில் இருந்தால் உடனே எடுத்து வையுங்கள். அந்தக் காலத்துக் கல் நகைகளில் கல்லின் முதுகு மூடியிருக்கும். உள்ளே அரக்கு நிரப்பி, கல்லுக்குப் பின்னால் மெல்லிய தகடு வைத்துப் பதித்திருப்பார்கள். சுடுதண்ணீர் பட்டால் அரக்கு இளகும், தண்ணீர் உள்ளே போனால் தகடு கறுத்துக் கல் நிரந்தரமாக மங்கிவிடும். காய்ந்த மெத்தென்ற துணியால் துடைப்பது மட்டும்தான். அதற்கு மேல் வேண்டுமென்றால் பழைய வேலை தெரிந்த பத்தரிடம் கொண்டு போங்கள்.

முலாம் தேய்ந்த இடம் திரும்பக் கறுக்கும், ஓம். அடிக்கடி அலுமினியத் தாள் வேண்டாம், கறுப்பு நன்றாகத் தெரியும்போது மட்டும். கிழமைக்கு ஒரு தரம் சவர்க்காரத் தண்ணீரும் பிரஷ்ஷும் போதும். வெள்ளி துடைக்கிற மருந்து பூசிய துணி கடையில் விற்கும். அதை அடிப்பக்கத்தில் மட்டும் பாவியுங்கள், மேல்பக்க முலாமில் தேய்த்தால் முலாமும் சேர்ந்து போய்விடும். முக்கி எடுக்கிற திரவம் போத்தலில் வருகிறது, அது அமிலம், நான் இப்படிப்பட்ட மோதிரத்துக்குக் கொடுக்க மாட்டேன். மேல்பக்கமும் மஞ்சளாகத் தொடங்கும் நாளில் முழுவதற்கும் ரோடியம் போடுங்கள். இப்போது அவசரம் இல்லை. உங்களிடம் முழு முலாம் கேட்ட கடை பொய் சொல்லவில்லை, ஆனால் கழுவிப் பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கலாம்.

வெண்கட்டி

வைக்கிற விதத்தை நான் சொல்கிறேன். ஈரம் நன்றாகக் காய்ந்த பிறகு, அமுக்கி மூடுகிற சின்னப் பொலித்தீன் பையில் போட்டு, காற்றை வெளியே தள்ளி மூடுங்கள். ஒரு துண்டு வெண்கட்டியை அதே பெட்டிக்குள் போடுங்கள், ஈரத்தை இழுக்கும். மாரி மழைக்கு முன்னால் புதுசாக மாற்றுங்கள். சப்பாத்துப் பெட்டியில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலம் இருந்தால் இன்னும் நல்லது. றப்பர் பான்ட் போட்டுக் கட்டாதீர்கள், றப்பரில் கந்தகம் இருக்கிறது. கட்டின இடம் கோடாகக் கறுக்கும்.

ஒரு பையில் ஒரு நகை மட்டும். இந்தக் கல் வைரத்தைத் தவிர மற்ற நகைகள் எல்லாவற்றையும் கீறும். தங்கம், முத்து, நீலக்கல் எதுவும் தப்பாது.

கிண்ணியாக் கரை

பட்டறை நானா, அப்பச்சோடா வேலை செய்தது. கடைசி அலசலுக்கு மழைத் தண்ணீர்தான். ஒரு கேள்வி மிச்சம்: நான் மீன் வாடிக்குப் போகிற ஆள், கையில் எப்போதும் மீன் எண்ணெய். வேலைக்குப் போகும்போது கழற்றி எங்கே வைப்பது? சேர்ட் பையில் போட்டால் விழுந்துவிடும் என்று பயம்.

பட்டறைக்காரன்

சேர்ட் பை வேண்டவே வேண்டாம் தம்பி. குனிந்தால் போய்விடும். திறப்புக் கோர்வையிலும் கோர்க்காதீர்கள், திறப்பு வெள்ளியைக் கீறும். காலையில் வுழூ எடுக்கிற இடத்திலேயே சுவரில் ஒரு ஆணி அடித்து, மூடியுள்ள சின்ன டப்பா ஒன்றைத் தொங்க விடுங்கள். போகும்போது அதற்குள், வந்து கை கழுவித் துடைத்த பிறகு விரலில்.

உப்புவெளிக்காரி

அட்டிகை கிண்ணத்துக்குப் பக்கத்தில்தான் இருந்தது அண்ணா, உண்மையாகவே. மாமி எடுத்துத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டா. மோதிரத்துக்கு ஒரு பையும் வெண்கட்டித் துண்டும் தயார். ரொட்டிக்கு மா குழைக்கப் போகும்போது முதல் தரமாக இன்றைக்குக் கழற்றி வைத்தேன். விரலில் வெள்ளையாக ஒரு வளையம் விழுந்திருக்கிறது.